அரை வினாடியில் அம்பலமான சதி!

கண்ணை மூடித் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? அரை வினாடி கூட ஆகாது.

அந்த அரை வினாடிக்கு ஒருவர் கணக்குப் பார்த்தார். அதனால் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் திருடர் கையில் சிக்காமல் தப்பின!

இது கற்பனைக் கதை அல்ல. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடந்த உண்மைச் சம்பவம்.

அவர் பெயர் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட். ஜெர்மனியில் பிறந்தவர். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் வசிப்பவர். மைக்ரோசாப்ட் கம்பெனியில் என்ஜினீயர். துப்பறிவது அவர் தொழில் அல்ல. தம்முடைய கம்ப்யூட்டரில் ஒரு வேலை வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாக நடப்பதை அவர் கவனித்தார். அரை வினாடிதானே என்று விட்டுவிடவில்லை. ஏன் என்று தேடிக்கொண்டே போனார்.

தேடிய இடத்தில் ஒரு திருட்டு வழி இருந்தது!

திருடன் பூட்டை உடைக்கவில்லை. சுவர் ஏறிக் குதிக்கவில்லை. வீடு கட்டும்போதே கொத்தனாரோடு கொத்தனாராக வந்து, சுவருக்குள் ஒரு ரகசியக் கதவை வைத்துப் பூசிவிட்டுப் போயிருந்தான்.

அது எப்படி முடிந்தது? அதைத் தெரிந்துகொள்ள, கம்ப்யூட்டர் புரோகிராம் எப்படி உண்டாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சமையல் குறிப்பும் சாம்பாரும்

கம்ப்யூட்டர் தானாக ஒன்றும் செய்யாது. இதைச் செய், அதைச் செய் என்று மனிதர்கள் அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதுவதற்கு 'மூல நிரல்' என்று பெயர். பயிற்சி உள்ள எவரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் கம்ப்யூட்டருக்கு அது நேராகப் புரியாது. அதற்குத் தெரிந்தவை இரண்டே எண்கள்: 0, 1. எனவே மனிதர் எழுதியதை எந்திரத்தின் பாஷைக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு 'கம்பைலர்' என்று ஒரு புரோகிராம் இருக்கிறது.

மூல நிரல் என்பது சமையல் குறிப்பு. கம்பைலர் என்பது சமையற்காரர். கடைசியில் கிடைக்கும் புரோகிராம்தான் சாம்பார்.

குறிப்பைப் படித்தால் துவரம் பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு, பெருங்காயம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆனால் இலையில் ஊற்றிய சாம்பாரைப் பார்த்து, அதில் என்னென்ன போட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொல்ல முடியுமா? மிகவும் கஷ்டம். மாற்றி முடித்த புரோகிராமும் அப்படித்தான். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

பல கம்பெனிகள் குறிப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகின்றன. சாம்பாரை மட்டுமே விற்கின்றன. குறிப்பையே ஊருக்கெல்லாம் கொடுத்துவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு அந்த வழியில் இறங்கினார். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு 'லினக்ஸ்' என்பதை எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். இன்று ஆண்ட்ராய்டு கைபேசியின் உள்ளே இருப்பது லினக்ஸ்தான். உலகத்தின் பெரிய கம்பெனிகளின் சர்வர்களில் பெரும்பாலானவற்றில் ஓடுவதும் அதுவேதான்.

இவற்றைத் 'திறந்த மூல மென்பொருள்' என்பார்கள். யாரும் படிக்கலாம். யாரும் திருத்தலாம். யாரும் தாமே சமைத்துக்கொள்ளலாம்.

விடுமுறையில் பிறந்த 'மேக்'

பெரிய மென்பொருளுக்கு ஒரு குறிப்பு போதாது. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான குறிப்புகள் வேண்டும். எதை முதலில் மாற்றுவது, எதை எதோடு சேர்ப்பது என்பதற்கு ஒழுங்கு உண்டு. பருப்பு வேகும் முன்னே தாளித்துக் கொட்டினால் என்ன ஆகும்?

இந்தத் தொல்லைக்கு வழி கண்டவர் ஸ்டூவர்ட் பெல்ட்மன். இவர் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்தவர்.

1976ஆம் ஆண்டு. ஒரு நாள் அவருடைய நண்பர் ஒருவர் கோபமாக அறைக்குள் வந்தார். தம் புரோகிராமில் தவறு தேடியே ஒரு காலைப் பொழுது வீணாகிவிட்டது என்றார். உண்மையில் தவறை அவர் முன்பே திருத்திவிட்டார். ஆனால் திருத்திய குறிப்பை மறுபடியும் சமைக்க மறந்துவிட்டார். பழைய சாம்பாரையே ருசி பார்த்துக்கொண்டு, உப்பு ஏன் குறையவில்லை என்று திகைத்த கதைதான்!

பெல்ட்மனும் முதல் நாள் மாலை அதே அவதியைப் பட்டிருந்தார். அந்த வார விடுமுறைக்குள் அவர் ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். அதன் பெயர் 'மேக்'. எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் கண்டுபிடித்து, சரியான வரிசையில் சமைக்கச் சொல்வது அதன் வேலை. இதற்காக 2003ஆம் ஆண்டு அமெரிக்கக் கம்ப்யூட்டர் சங்கம் அவருக்குப் பரிசு அளித்தது.

இன்று இந்த வேலைக்காகத் தனியே ஒரு கட்டளைத் தாளை மென்பொருளோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். அதற்கு 'பில்டு ஸ்கிரிப்ட்' என்று பெயர். மூன்று கட்டளைகளைத் தட்டினால் போதும்.

முதல் கட்டளை 'கான்பிகர்'. அடுப்பு இருக்கிறதா, அம்மி இருக்கிறதா, அண்டா இருக்கிறதா என்று அது சமையலறையைச் சோதிக்கும். இரண்டாவது 'மேக்'. அது சமைக்கும். மூன்றாவது 'மேக் இன்ஸ்டால்'. அது பரிமாறும்.

கட்டளையைத் தட்டியதும் திரையில் வரி வரியாக எழுத்துகள் ஓடும். நூறு வரி, ஆயிரம் வரி. அவற்றை யார் படிக்கிறார்கள்? யாரும் படிப்பதில்லை. என்ஜினீயர் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார்!

திருடன் கண் வைத்தது இங்கேதான்.

ஒரே மனிதர் சுமந்த பாரம்

'எக்ஸ்.இசட்.' என்று ஒரு சிறிய மென்பொருள் இருக்கிறது. பெரிய கோப்புகளைச் சுருக்கிச் சிறு பொட்டலமாகக் கட்டுவதும், வேண்டும்போது பிரித்துக் கொடுப்பதும் அதன் வேலை. பெட்டியில் துணியை அழுத்தி மடித்து வைப்பது போல. பெயர் தெரியாத மென்பொருள்தான். ஆனால் லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர்களில் அது இல்லாத இடம் அபூர்வம்.

இதை எழுதிப் பல ஆண்டுகள் பராமரித்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸி காலின். சம்பளம் கிடையாது. ஓய்வு நேரத்தில் செய்த தொண்டு. உலகத்தின் பெரிய கம்பெனிகள் எல்லாம் அவருடைய உழைப்பைப் பயன்படுத்தின. அவரோ தனி ஆளாக அதைச் சுமந்தார்.

2022ஆம் ஆண்டு சிலர் அவரைக் குறை கூறிக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறு ஒருவருக்குக் கொடுக்கக்கூடாதா என்று கேட்டார்கள். மனநலம் சரியில்லை, இது சம்பளம் இல்லாத வேலை என்று அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். ஆனாலும் நச்சரிப்பு நிற்கவில்லை.

உதவிக்கு வந்த 'நல்லவர்'

அந்த நேரத்தில் கை கொடுக்க ஒருவர் இருந்தார். பெயர் ஜியா டான்.

இவர் 2021ஆம் ஆண்டு கடைசியில் முதல் திருத்தத்தை அனுப்பியவர். நல்ல திருத்தம். பிறகு இன்னொன்று. அதுவும் நல்லது. கோபமாக ஒரு வார்த்தை இல்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்தார். களைத்துப் போன காலின் அவரை நம்பினார். 2023ஆம் ஆண்டில் புதிய பதிப்புகளைக் கட்டி வெளியிடும் பொறுப்பே ஜியா டான் கைக்கு வந்துவிட்டது.

ஜியா டானை யாரும் நேரில் பார்த்ததாகத் தெரியவில்லை. முகம் இல்லை. முகவரி இல்லை. பெயர் மட்டும்தான்! குறை கூறிக் கடிதம் எழுதியவர்களும் அதே கூட்டத்தின் பொய்ப் பெயர்களாக இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் பின்னால் சந்தேகித்தார்கள். ஒருவர் திட்டுவார், இன்னொருவர் தட்டிக் கொடுப்பார். பழைய தந்திரம்!

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்துவிட்டு, 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்த ஆள் வேலையைக் காட்டினார்.

அழுகிய தேங்காய்க்குள் விஷம்

எக்ஸ்.இசட். சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க, வேண்டுமென்றே கெடுத்து வைத்த சில கோப்புகளை மென்பொருளோடு வைத்திருப்பார்கள். நல்ல தேங்காய் எது, அழுகல் எது என்று புதிய ஆளுக்குக் காட்டுவதற்காக, வியாபாரி ஒரு ஓரத்தில் நாலு அழுகல் தேங்காய் வைத்திருப்பது போல.

அழுகல் தேங்காயை யார் உடைத்துப் பார்ப்பார்கள்? ஜியா டான் ரகசியக் கதவை அப்படிப்பட்ட சோதனைக் கோப்புகளில் ஒளித்து வைத்தார்.

ஒளித்து வைத்தால் மட்டும் போதுமா? சமையல் நேரத்தில் அதை எடுத்து அண்டாவில் போட ஒரு கை வேண்டும். அந்தக் கை பில்டு ஸ்கிரிப்ட்!

இங்கேதான் பெரிய தந்திரம். மூல நிரல் எல்லோரும் பார்க்கும் பொது இடத்தில் இருக்கும். அதைத் தவிர, எடுத்துப் போவதற்கு வசதியாகக் கட்டிய மூட்டை ஒன்றும் வெளியிடுவார்கள். ஜியா டான் பொது இடத்தில் இல்லாத சில வரிகளை மூட்டைக்குள் இருந்த கட்டளைத் தாளில் மட்டும் சேர்த்தார். சுவரில் ஒட்டிய குறிப்பு ஒன்று. மூட்டையில் போட்ட குறிப்பு வேறு!

அந்த வரிகள் செய்த வேலை என்ன? கெட்டதாகக் கிடந்த கோப்பின் எழுத்துகளை இடம் மாற்றிச் சரி செய்யும். அதிலிருந்து ஒரு புதிய கட்டளைத் தாள் வரும். அது இன்னொரு கோப்பைப் பிரிக்கும். அதிலிருந்து இன்னொரு தாள் வரும். அது கடைசியாக ரகசியக் கதவை வெளியே எடுத்து, உண்டாகிக்கொண்டிருக்கும் புரோகிராமில் சேர்த்துவிடும். பொட்டலத்துக்குள் பொட்டலம், அதற்குள் பொட்டலம்!

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் இருந்தது. டெபியன், பெடோரா போன்ற குழுக்கள் மூல நிரல்களை வாங்கிச் சமைத்து ஊருக்கெல்லாம் வழங்குகின்றன. அப்படி வழங்குவதற்காக நடக்கும் சமையலா என்று அந்தத் தாள் முதலில் சோதித்தது. ஆம் என்றால்தான் விஷத்தைப் போட்டது. தனக்காக மட்டும் வீட்டில் சமைத்தவருக்குச் சுத்தமான சாப்பாடு. ஊர்ப் பந்தியின் அண்டாவில் மட்டும் விஷம்! அதனால் தனியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை.

ஒரே ஒரு புள்ளி!

தமிழில் ஒரு புள்ளி போனால் 'பல்' 'பல' ஆகிவிடும். ஜியா டானும் ஒரு புள்ளியில் வித்தை காட்டினார்.

லினக்ஸில் ஒரு பாதுகாப்பு வேலி உண்டு. அந்த வேலி இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று பில்டு ஸ்கிரிப்ட் சோதிக்கும். சிறிய புரோகிராம் ஒன்றைச் சமைத்துப் பார்க்கும். சமைக்க முடிந்தால் வேலி இருக்கிறது. முடியாவிட்டால் இல்லை.

அந்தச் சிறிய புரோகிராமின் நடுவே ஜியா டான் தனியாக ஒரு புள்ளி வைத்தார். புள்ளி இருந்தால் அது சமையாது. அதனால் வேலி இருக்கும் கம்ப்யூட்டரிலும் 'வேலி இல்லை' என்றே பதில் வரும். கண்ணாடித் திரையில் ஒட்டிய தூசு போன்ற ஒரு புள்ளி!

காவல்காரனும் பொட்டலக்காரனும்

தூரத்தில் உள்ள கம்ப்யூட்டருக்குள் என்ஜினீயர்கள் நுழைவதற்கு ஒரு வாசல் உண்டு. அதற்கு 'எஸ்.எஸ்.எச்.' என்று பெயர். சரியான சாவி உள்ளவரைத்தான் அந்த வாசல் உள்ளே விடும்.

பொட்டலம் கட்டும் எக்ஸ்.இசட்.டுக்கும் அந்த வாசலுக்கும் என்ன சம்பந்தம்? நேரான சம்பந்தம் இல்லை. ஆனால் சில லினக்ஸ் குழுக்கள் வாசல் காவலுக்கு இன்னொரு மென்பொருளைத் துணையாகச் சேர்த்திருந்தன. அந்தத் துணை தன்னோடு எக்ஸ்.இசட்.டையும் அழைத்து வந்தது. காவல்காரனின் துணையாளுக்குத் துணையாக வந்த பொட்டலக்காரன் வாசலுக்கே மாற்றுச் சாவி போட்டான்!

அந்த மாற்றுச் சாவி சதிகாரரிடம் மட்டும் இருந்தது. அதை வைத்திருப்பவர், பெயரும் ரகசியச் சொல்லும் இல்லாமலே உள்ளே கட்டளையிடலாம். எதையும் படிக்கலாம். எதையும் அழிக்கலாம்.

அரை வினாடி

மார்ச் மாதக் கடைசி. பிராயிண்ட் தம்முடைய புரோகிராமின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். அளக்கும்போது மற்ற வேலைகள் அடங்கி இருக்க வேண்டும். ஆனால் எஸ்.எஸ்.எச். மட்டும் அதிகமாக உழைத்துக்கொண்டிருந்தது.

யார் யாரோ பொய்ப் பெயரில் வாசலைத் தட்டிப் பார்ப்பது இணையத்தில் சகஜம். உடனே 'போ' என்று சொல்லிவிட வேண்டிய வேலைதான். அதற்கு ஏன் இவ்வளவு உழைப்பு?

அவர் அளந்து பார்த்தார். முன்பு 0.299 வினாடியில் முடிந்த வேலைக்கு இப்போது 0.807 வினாடி ஆயிற்று. அந்த அரை வினாடி எங்கே போகிறது? தேடினார். எக்ஸ்.இசட். பகுதிக்குள் போயிற்று!

சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனையில் விளங்காத ஒரு பிழைச் செய்தி வந்தது அவர் நினைவுக்கு வந்தது. அதுவும் எக்ஸ்.இசட். பற்றியது. இரண்டையும் முடிச்சுப் போட்டார். மூட்டையைப் பிரித்தார். பொது இடத்தில் உள்ளதோடு ஒப்பிட்டார். அதிகப்படி வரிகள் அகப்பட்டன!

மார்ச் 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. பிராயிண்ட் எல்லாவற்றையும் எழுதி உலகுக்கு அறிவித்தார். தாம் பாதுகாப்பு நிபுணர் அல்ல என்பதையும் அதிலேயே அடக்கமாகச் சொன்னார். ஆபத்தை அளக்கும் கணக்கில் இதற்குக் கிடைத்த மதிப்பெண் 10க்கு 10. அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது.

விஷம் கலந்த பதிப்புகள் இரண்டு: 5.6.0, 5.6.1. அவை சில குழுக்களின் சோதனைப் பதிப்புகளில்தான் அதுவரை நுழைந்திருந்தன. ஊரெல்லாம் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளுக்கு இன்னும் போகவில்லை. சீக்கிரம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜியா டான் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். இன்னும் சில மாதம் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால்?

குழுக்கள் உடனே பழைய பதிப்புக்குத் திரும்பின. ஜியா டான் என்ற பெயர் அதோடு மறைந்தது. அது ஒரு ஆளா, ஒரு கூட்டமா என்பது இன்றுவரை வெளிவரவில்லை. லாஸ்ஸி காலின் மறுபடியும் வந்து உட்கார்ந்தார். குப்பையைச் சுத்தம் செய்தார். அந்தப் புள்ளியையும் எடுத்தார். மே மாதம் 29ஆம் தேதி 5.6.2 என்ற நல்ல பதிப்பை வெளியிட்டார்.

முன்பே சொன்ன எச்சரிக்கை

இந்த ஆபத்தை 40 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சொன்னார். 'மேக்' பிறந்த அதே பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த கென் தாம்சன்தான் அவர். 1984ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய விருதுச் சொற்பொழிவில், குறிப்பில் ஒரு தவறும் இல்லாமலே சமையற்காரரான கம்பைலர் ரகசியக் கதவை வைத்துவிட முடியும் என்று விளக்கிக் காட்டினார். குறிப்பைப் படித்தால் மட்டும் போதாது, சமைத்தவர் யார் என்றும் பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து.

இப்போது சிலர் மூட்டையை நம்பாமல், பொது இடத்தில் உள்ள மூல நிரலையே நேராக எடுத்துச் சமைக்கிறார்கள். ஒரே குறிப்பை இரண்டு பேர் இரண்டு கம்ப்யூட்டரில் தனித்தனியே சமைத்து, ஒரு எழுத்துகூட மாறாமல் ஒத்து வருகிறதா என்று பார்க்கும் முறையும் வளர்ந்து வருகிறது. தனி ஆளாகப் பாரம் சுமப்பவர்களுக்குப் பண உதவி வேண்டும் என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. ஜெர்மனி அரசு 2022ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு நிதி ஏற்படுத்தியது.

குறிப்பைத் திறந்து வைத்தது வீண் போகவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பொது இடத்தில் ஒன்று இருந்ததால்தான் பிராயிண்ட் கள்ளத்தைக் கண்டுபிடித்தார். பூட்டிய பெட்டிக்குள் நடந்திருந்தால் வெளியே இருந்த ஒருவரால் முடிந்திருக்குமா?

ஆனால் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே எட்டிப் பார்க்கவும் ஆள் வேண்டும். களைத்துப்போய்த் தனியே உட்கார்ந்திருப்பவருக்குத் துணை நிற்கவும் ஆள் வேண்டும். அன்று லாஸ்ஸி காலினுக்குத் துணையாக வந்தவன் திருடன். நல்லவர்கள் யாரும் வரவில்லை. அதுதான் சதியின் முதல் படி!